கியூவில் நிற்பதும் தரிசனம்தான்

மும்பையில் இருந்து சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் ரெயில்களில் பல, புனே, டவுண்டு தாண்டி குர்துவாடி என்ற ஜங்ஷன் வழியாகச் செல்கின்றன. ஊருக்குப் போகும் தமிழர்களுக்கு அது ஜன்னல் வழியே தெரியும் ஒரு பெயர்ப் பலகை. அவ்வளவுதான். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பண்டரிபுரம். மராட்டியக் குடியானவன், வாழ்நாளில் ஒரு முறையாவது நடந்தே போய்விட வேண்டும் என்று ஆசைப்படும் ஊர்.

தாராவியிலும், மாட்டுங்காவிலும், கல்யாணிலும், அம்பர்நாத்திலும் இரண்டு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில்கூட, பண்டரிபுரத்தை எட்டிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். பழனிக்கு வேண்டுதல் இருக்கும். திருச்செந்தூருக்குப் போக வேண்டும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். கிடைக்கும் லீவு இதற்கே போதாது. அதைக் குறை சொல்ல முடியாது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறி வருகிறது. சனி, ஞாயிறுடன் ஒரு நாள் லீவு சேர்ந்தால் போதும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடிக்கிறார்கள். ஷீரடி, திரியம்பகம், பண்டரிபுரம் என்று மூன்று நாளில் "முடித்துவிட்டு" வருகிறார்கள். போவது நல்லதுதான். ஆனால், வேன் கோவில் தெருவில் நின்றதும் முதலில் எழும் கேள்வி எது? "சீக்கிரம் தரிசனம் செய்ய ஏதாவது வழி உண்டா? யாரையாவது தெரியுமா? எவ்வளவு கேட்பார்கள்?"

வேறு எந்த ஊரில் கேட்டாலும் கேட்கலாம். பண்டரிபுரத்தில் கேட்கக் கூடாத கேள்வி அது. ஏன் என்றால், அங்கே இருக்கும் சாமியே காத்துக்கொண்டு நிற்கும் சாமி.

காத்து நிற்கும் கடவுள்

புண்டலிகன் என்று ஒருவன். தாய், தந்தையைக் கொடுமைப்படுத்தியவன். பிறகு திருந்தினான். பெற்றோருக்குப் பணிவிடை செய்வதே வேலை என்று இருந்தான். அவன் பெருமையைக் கேள்விப்பட்டு, கண்ணன் அவன் வீட்டு வாசலுக்கே வந்து விட்டான். அந்த நேரத்தில் புண்டலிகன் பெற்றோரின் கால்களைப் பிடித்துக்கொண்டு இருந்தான். "வேலை முடிகிற வரை இதன்மேல் நில்லுங்கள்" என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்துப் போட்டான். கடவுள் கோபிக்கவில்லை. செங்கல் மீது ஏறி, இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றான். இன்னும் நிற்கிறான். அவன்தான் விட்டோபா. தமிழர்கள் சொல்லும் பாண்டுரங்கன்.

இந்தக் கதை தமிழனுக்குப் புதியது அல்ல. 1944-ம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான "ஹரிதாஸ்" படத்தின் அடிப்படை இதுதான். எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த அந்தப் படம், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பெற்றோரை விரட்டிய மகன் கடைசியில் அவர்கள் காலடியில் கிடப்பதைப் பார்த்து அழாத தாய்மார்கள் அன்று இல்லை.

தஞ்சையை மராட்டிய மன்னர்கள் 1676-ம் ஆண்டு முதல் சுமார் 180 ஆண்டுகள் ஆண்டார்கள். அந்தக் காலத்தில் விட்டலன் பாட்டுகள் காவிரிக் கரைக்கு வந்து, தமிழ்நாட்டுப் பஜனை மடங்களில் கலந்துவிட்டன. வந்தவாசிக்குப் பக்கத்தில் தென்னாங்கூரிலும், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கோவிந்தபுரத்திலும் பாண்டுரங்கனுக்குப் பெரிய கோவில்கள் இருக்கின்றன. ஆகவே, பண்டரிபுரத்துக்குப் போகும் தமிழன் அந்நியன் வீட்டுக்குப் போகவில்லை. பாட்டிலும் படத்திலும் பழகிய ஒருவனைப் பார்க்கத்தான் போகிறான்.

படியும் சமாதியும்

பண்டரிபுரத்தில் பீமா நதி பிறை நிலா போல வளைந்து ஓடுகிறது. அதனால் அங்கே அதற்குச் சந்திரபாகா என்று பெயர். முதலில் ஆற்றில் குளியல். அடுத்தது, ஆற்றங்கரையில் இருக்கும் புண்டலிகன் கோவில். அதன் பிறகுதான் விட்டோபா. காத்து நிற்கும் கடவுளுக்கு முன்னால், அவனைக் காக்க வைத்த மகனுக்கு மரியாதை!

பெரிய வாசலுக்கு வந்தால், முதல் படியை யாரும் மிதிப்பது இல்லை. தொட்டுக் கும்பிட்டுத் தாண்டிப் போகிறார்கள். அது நாமதேவர் படி. தையல் தொழில் செய்யும் குலத்தில் பிறந்தவர் நாமதேவர். பக்தர்களின் கால்தூசி தன்மேல் பட வேண்டும் என்று, வாசல் படியாகக் கிடக்க ஆசைப்பட்டவர் அவர். திருமலையில் சன்னதிக்கு முன்னால் உள்ள படிக்குக் "குலசேகரன் படி" என்று பெயர் இருப்பது தமிழர்களுக்குத் தெரியும். அரசனாக இருந்த ஆழ்வாருக்கும், தையற்காரர் குலத்தில் பிறந்த நாமதேவருக்கும் தோன்றிய ஆசை ஒன்றே.

அந்தப் படிக்கு எதிரிலேயே சோகாமேளர் சமாதி இருக்கிறது. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகார் சாதியில் பிறந்தவர் அவர். உயிரோடு இருந்தவரை கோவிலுக்குள் கால் வைக்க விடவில்லை. மங்கள்வேடாவில் மதில் கட்டும் வேலையில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார். கூலி வேலைக்குப் போன இடத்தில் சாவு! அவருடைய எலும்புகளை நாமதேவர் தேடி எடுத்து வந்து, கோவில் வாசலில் அடக்கம் செய்தார் என்பது வரலாறு. உள்ளே விடாத வாசலில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. இன்று அவரைக் கும்பிடாமல் யாரும் உள்ளே போவது இல்லை.

தில்லையில் நந்தனார், பண்டரியில் சோகாமேளர். டாக்டர் அம்பேத்கர் 1948-ம் ஆண்டு வெளியிட்ட "தீண்டப்படாதவர்கள்" பற்றிய ஆங்கில நூலை மூன்று பேருக்குக் காணிக்கை ஆக்கினார். ஒருவர் நந்தனார். ஒருவர் ரவிதாசர். மற்றொருவர் சோகாமேளர். தமிழ்நாட்டு நந்தனாரையும் மராட்டிய சோகாமேளரையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்தவர் அவர்.

சும்மா வந்த கியூ அல்ல

சோகாமேளரின் வாரிசுகள் உள்ளே போக, அவருக்குப் பிறகு 600 வருடம் ஆயிற்று. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் 1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி வைத்தியநாத அய்யர் அரிஜனங்களை அழைத்துச் சென்றார். பண்டரிபுரத்தில் அது 1947-ம் ஆண்டில் நடந்தது. சானே குருஜி என்ற ஆசிரியர், ஊர் ஊராகச் சுற்றிப் பேசினார். பிறகு பண்டரிபுரத்துக்கு வந்து, மே மாதத்து வெயிலில் உண்ணாவிரதம் இருந்தார். "கோவிலைத் திறக்காவிட்டால் சாகிறேன்" என்று படுத்துவிட்டார். கதவு திறந்தது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரும் பாண்டுரங்கன்தான்.

அதோடும் முடியவில்லை. பரம்பரைப் பூசாரிக் குடும்பங்களின் உரிமைகளை நீக்கி 1973-ம் ஆண்டு சட்டம் வந்தது. வழக்கு நடந்தது, நடந்தது, 40 வருடம் நடந்தது. 2014-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உரிமைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே ஆண்டில், பூசைப் பணிக்கு மற்றச் சாதியாருக்கும் பெண்களுக்கும் அழைப்பு விடப்பட்டது. 1970-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டும், அனைத்துச் சாதியினரையும் அர்ச்சகராகக் காண 2021-ம் ஆண்டு வரை காத்திருந்த தமிழ்நாட்டுக்கு இந்த 40 வருடத்தின் அருமை தெரியும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்? பண்டரிபுரத்தில் இன்று நிற்கும் கியூ சும்மா வந்தது அல்ல. முன்னால் ஒரு கரும்புத் தோட்டக்காரர், பின்னால் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி, நடுவில் ஒரு பாங்கிக் குமாஸ்தா என்று எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதற்காக ஒருவர் வாசலில் அடக்கமானார். ஒருவர் உயிரைப் பணயம் வைத்துப் பட்டினி கிடந்தார். அப்படி வந்த வரிசையை ஐந்நூறு ரூபாய் நோட்டாலோ, "மேலே இருந்து போன் வரும்" என்ற சிபாரிசாலோ குறுக்கே வெட்டுவது எவ்வளவு பெரிய தவறு? மற்றவர்களைக் கீழே தள்ளிவிட்டுத்தான் ஒருவன் முன்னால் போகிறான் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பது இல்லை.

அதுவும் தமிழன் அதைச் செய்யக் கூடாது. 1966-ம் ஆண்டுக்குப் பிறகு, "மண்ணின் மைந்தர்" கோஷத்தால் மும்பையில் தென்னிந்தியக் குமாஸ்தாக்களும் ஓட்டல்காரர்களும் பட்ட பாடு பெரியவர்களுக்கு நினைவு இருக்கும். "வெளியே போ" என்று ஒருவன் சொன்னால் எப்படி வலிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பண்டரிபுரத்துக் கியூவில் யாரும் எந்த ஊர் என்று கேட்டு ஒதுக்குவது இல்லை. அங்கே போய் வரிசையை உடைப்பது, சோறு போட்ட வீட்டில் இலையைத் தட்டிவிடுவது போன்றது.

கியூவுக்குத்தான் மரியாதை

ஆனி - ஆடியில் வரும் ஆஷாட ஏகாதசிதான் பண்டரிபுரத்தின் பெரிய திருவிழா. ஆலந்தியில் இருந்து ஞானேசுவரர் பல்லக்கும், தேகுவில் இருந்து துக்காராம் பல்லக்கும் புறப்படும். சுமார் 250 கிலோமீட்டர் தூரம், மூன்று வாரம் போல நடை. கழுத்தில் துளசி மாலை, கையில் தாளம். இலட்சக் கணக்கில் வருகிறார்கள். இவர்களுக்கு வார்கரிகள் என்று பெயர். விதைப்பு முடிந்த கையோடு புறப்படும் விவசாயிகள்தான் அதிகம்.

வார்கரிகள் ஒருவரை ஒருவர் "மாவுலி" என்று கூப்பிடுவார்கள். தாயே என்று பொருள். ஆணும் மாவுலி, பெண்ணும் மாவுலி, தெரியாதவனும் மாவுலி. ஒருவர் காலை ஒருவர் தொட்டுக் கும்பிடுவார்கள். பெரியவர் சிறியவர் கணக்கு இல்லை. அறுபது வயதுக்காரர் இருபது வயதுப் பையன் காலைத் தொடுவதைப் பார்த்தால், புதிதாகப் போகிறவர்களுக்குத் திகைப்பாக இருக்கும்.

ஏகாதசி அன்று அதிகாலை இருட்டில் மாநில முதல்-மந்திரியும் அவர் மனைவியும் மகாபூசை செய்வது வழக்கம். அவர்களுடன் சேர்ந்து பூசை செய்ய ஒரு வார்கரித் தம்பதியை அழைக்கிறார்கள். அந்தத் தம்பதி யார்? பெரிய நன்கொடை கொடுத்தவர் அல்ல. கட்சிக்காரர் அல்ல. அந்த நேரத்தில் கியூவில் முன்னால் நின்றுகொண்டு இருப்பவர்கள். பகலும் இரவும் கால் கடுக்க நின்றவர்கள். அரசாங்க பஸ்சில் ஓராண்டுக்கு இலவசப் பாசும் அவர்களுக்குக் கிடைக்கிறது. சிபாரிசில் வந்தவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நின்றவனுக்குத்தான் உண்டு.

நேரம் இல்லாதவன் என்ன செய்வது?

"இதெல்லாம் பேச நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போகாவிட்டால் சம்பளம் போய்விடும். நாள் முழுக்க கியூவில் நிற்க முடியுமா?" என்று ஒரு தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு பண்டரிபுரமே பதில் வைத்திருக்கிறது.

விட்டோபாவின் பாதத்தில் தலை வைத்துக் கும்பிடலாம். பணக்காரன், ஏழை யாராக இருந்தாலும் அந்தப் பாத தரிசனம் உண்டு. அதற்கான கியூ நீளமானது. நேரம் இல்லாதவர்களுக்கு, கொஞ்ச தூரத்தில் நின்று முகத்தை மட்டும் பார்க்கும் முக தரிசன வரிசை தனியாக இருக்கிறது. அதற்கும் முடியாதவர்கள், வெளியில் இருந்தே கோவில் கலசத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். மூன்று வாரம் நடந்து வந்த வார்கரிகளிலேயே ஏராளமானவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் யாரும் ஏமாந்து போனதாக நினைப்பது இல்லை. மூன்று வாரம் நடந்தவனுக்குக் கலசம் போதும் என்றால், வேனில் வந்தவனுக்கு முக தரிசனம் போதாதா?

ஆஷாட ஏகாதசியிலும் கார்த்திகை ஏகாதசியிலும் குழந்தை குட்டிகளோடு போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். அந்த நாட்கள் நடந்து வருகிறவர்களுக்கு உரியவை. சாதாரண நாளில் போகலாம். அன்றும் சில மணி நேரம் நிற்க வேண்டி வரலாம் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போவது நல்லது. ஆற்றில் உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும் இறங்க வேண்டும். நகையும் கத்தைப் பணமும் கூட்டத்துக்கு ஆகாது. "நான் கூட்டிப் போகிறேன்" என்று கையைப் பிடிக்கிறவரைக் கும்பிடு போட்டு அனுப்பிவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விழாக் காலத்தில் அந்தச் சிறிய ஊர் தாங்காது. கழிப்பறை வசதி போதாமல், ஆற்றங்கரை அசுத்தமாகி, மனிதக் கழிவை மனிதர்களே அள்ள நேர்ந்த கொடுமை மும்பை ஐகோர்ட்டு வரை போயிற்று. 2014, 2015-ம் ஆண்டுகளில் கோர்ட்டு கண்டிப்பான உத்தரவுகள் போட்ட பிறகு ஏற்பாடுகள் கூடின. அள்ளியவர்கள் யார்? சோகாமேளரைப் போல ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் பிறந்தவர்கள்தான். வாசலில் அவர் சமாதியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஆற்றங்கரையில் குப்பையைப் போட்டுவிட்டு வருகிறவன் யாரைக் கும்பிட்டான்?

பெற்றோரும் பண்டரியும்

கடைசியாக, செங்கல் விஷயம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். புண்டலிகன் பெற்றோர் பக்கத்திலேயே இருந்தான். மும்பைத் தமிழனால் அது முடியாது. அப்பா திருநெல்வேலியில், மகன் தாராவியில். அன்று மாதா மாதம் மணியார்டர் போயிற்று. இன்று செல்போனில் ஒரு நொடியில் பணம் போய்விடுகிறது. பணம் போகிறது, ஆள் போவது இல்லை. கால் பிடித்துவிட வேண்டிய வயதில் அந்தப் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள்.

இது யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும்போது, பெற்றோரைக் கொண்டுவந்து எங்கே படுக்க வைப்பது? அந்தக் கஷ்டம் உண்மை. ஆனால், வேன் வாடகைக்கும், ஓட்டல் அறைக்கும், குறுக்கு வழிக் கையூட்டுக்கும் சேர்த்து ஒரு குடும்பம் பண்டரிபுரத்துக்குச் செலவிடும் பணத்தில், ஊரில் இருக்கும் தாய் தந்தைக்கு ரெயில் டிக்கெட் எடுத்துவிடலாம். ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகட்டும். மருமகள் கையால் சாப்பிடட்டும். பேரக் குழந்தைகள் மராத்தி பேசுவதைக் கேட்டுச் சிரிக்கட்டும்.

அவர்களை ஊருக்குத் திரும்ப அனுப்பும்போது, தனியாக ரெயில் ஏற்றிவிடாமல் மகனும் கூடப் புறப்படலாம். நேராக ஊருக்கு டிக்கெட் எடுக்காமல், குர்துவாடி வரை ஒரு டிக்கெட். நிற்காத ரெயிலாக இருந்தால் சோலாப்பூர். அங்கிருந்து பண்டரிபுரத்துக்குப் பஸ் உண்டு. ஒரு நாள் தங்கல். பெரியவர்களால் நிற்க முடிந்தால் பாத தரிசனம். முடியாவிட்டால் முக தரிசனம். அதுவும் முடியாவிட்டால் கலசம். மறுநாள் அவர்களை ஊர் ரெயிலில் உட்கார வைத்துவிட்டு, மகன் மும்பைக்குத் திரும்பலாம்.

அன்று கியூ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று, அப்பாவுக்குக் குடிக்கத் தண்ணீர், வெயிலுக்கு ஒரு குடை. வரிசை நகர நகர, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். பெற்றோரைக் கவனித்துவிட்டு வர நேரம் ஆகும் என்றால், அந்த ஊர்ச் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.